ஊட்டி ஸ்டேஷனில் 173 மீட்டர் குறைத்துக் காட்டும் மலையேற்ற வாட்ச்: சென்சார் கோளாறா?

புதுத்தடம்:
அல்டிமீட்டர் (உயரமானி), பாரோமீட்டர் (காற்றழுத்தமானி), திசைகாட்டி மூன்றும் உள்ள சோலார் வாட்ச். ஜிபிஎஸ் கிடையாது. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் போன் ஆப் காட்டிய 235 மீட்டரை உயரமாக செட் செய்தேன். மலை ரயிலில் ஊட்டி வந்து இறங்கியதும் வாட்ச் 2,030 என்கிறது. ஸ்டேஷன் உயரமோ 2,203.

இன்னும் மூன்று சந்தேகம். மேஜை மேல் வைத்த இடத்திலேயே காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் 30 மீட்டர் ஏறிவிடுகிறது. மலை ஏறும்போது மேகமே இல்லாத வானத்தில் புயல் அலாரம் அடிக்கிறது. திசை, போனோடு ஒப்பிட்டால் 20 டிகிரி தள்ளி நிற்கிறது. வாரன்ட்டி முடிய 10 நாள்தான் இருக்கிறது. சர்வீஸுக்குக் கொடுத்துவிடலாமா?

குன்னூர்க் காற்று:
கொடுக்க வேண்டாம். அந்த 173 மீட்டரில் சென்சாரின் தப்பு என்று எதுவும் தெரியவில்லை. கணக்கைப் பாருங்கள்.

முதல் 90 மீட்டர் போன் ஆப்பின் வேலை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமிக்குக் கணக்கில் வைத்திருக்கும் நீள்கோள வடிவத்திலிருந்து. கடல் மட்டத்திலிருந்து அல்ல. தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்தக் கணக்குக் கோளத்துக்கு ஏறக்குறைய 85 முதல் 95 மீட்டர் கீழே கிடக்கிறது. உலகிலேயே இந்த வித்தியாசம் அதிகமாக இருக்கும் பள்ளம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. திருத்தம் செய்யாத ஆப்பை மெரினாவில் திறந்தால் மைனஸில் காட்டும். மேட்டுப்பாளையத்தின் உண்மையான உயரம் 326 மீட்டர். நீங்கள் செட் செய்தது 235. தொடக்கத்திலேயே 91 மீட்டர் போய்விட்டது.

மீதி 80 சொச்சம் வெயிலின் வேலை. வாட்ச் அளப்பது காற்றழுத்தத்தை; அதை உயரமாக மாற்றும் அட்டவணை, கடல் மட்டத்தில் 15 டிகிரி குளிர் என்று வைத்துப் போட்டது. நம் ஊர்க் காற்று அதைவிட எவ்வளவோ சூடு. சூடான காற்று விரிந்து லேசாக இருப்பதால், அதே உயரம் ஏறினாலும் அழுத்தம் குறைவாகவே இறங்கும். வாட்ச் அதை "கொஞ்சம்தான் ஏறினோம்" என்று எடுத்துக்கொள்ளும். காற்று 10 டிகிரி கூடுதலாக இருந்தால் ஏற்றத்தில் 3.5 சதவீதம் குறையும். நீங்கள் ஏறியது 1,877 மீட்டர். வாட்ச் காட்டிய ஏற்றம் 1,795. குறை 4 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த வெயிலுக்கு இது சரியான அளவு.

இனி ஆப்பை நம்பாதீர்கள். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அதைவிட நல்ல இலவச அளவுகோல் இல்லை. கீழே ஒரு முறை, நடை தொடங்கும் இடத்தில் ஒரு முறை என இரண்டு தடவை செட் செய்யுங்கள். தொட்டபெட்டா போனால் உச்சியில் 2,637 என்று வைத்துக்கொள்ளலாம்.

அழுத்தமானி:
மேஜை மேலே 30 மீட்டர் ஏறியதற்கும் காரணம் இருக்கிறது. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தத்துக்கும் கடல் மாதிரி ஏற்ற இறக்கம் உண்டு. காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம். காலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. பகல் இறக்கம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர். உங்கள் 30 மீட்டர் அதுதான். ஐரோப்பாவில் இந்த ஆட்டம் மிகச் சிறியது. அங்கே எழுதும் வாட்ச் விமர்சனங்களில் இந்த விஷயம் வராததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அடிப்படை ஒன்றுதான். உயரத்துக்கும் வானிலைக்கும் சென்சார் ஒன்றே. அழுத்தம் குறைந்தால், நீங்கள் மேலே ஏறினீர்களா, வானிலை கெட்டதா என்று அதற்குத் தெரியாது. நடக்கும்போது அல்டிமீட்டர் மோடு. தங்குமிடம் சேர்ந்ததும் பாரோமீட்டர் மோடு. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

புயல் அலாரம் பல வாட்சுகளில் 3 மணி நேரத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் அடிக்கும். பாரோமீட்டர் மோடில் 40 மீட்டர் ஏறினாலே அந்த அளவு வந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 190 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். அடிக்காமல் என்ன செய்யும்! பயணத்தில் அணைத்து வையுங்கள். இரவு முகாமில், வாட்ச் ஒரே இடத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

ஆனால் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்: கோடையில் பிற்பகலில் மலையில் கட்டும் இடிமழையை இந்த அலாரம் பெரும்பாலும் சொல்லாது. அந்த மேகம் ஒரு மணி நேரத்தில் எழும்பும். அழுத்தம் பெரிதாக அசையாது. வாட்ச் அமைதியாக இருக்கிறது என்று மொட்டை முகட்டில் நிற்காதீர்கள். மேகம் கோபுரமாக வளர்ந்தால் இறங்குங்கள்.

வடமுனை:
திசைகாட்டிக்கு வருகிறேன். வாட்சைச் சாய்த்துப் பிடித்ததால் 20 டிகிரி வரவில்லை. காந்த நடுக்கோடு (காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடு) நெல்லைப் பக்கம் போவதால் நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கிறது; சாய்வால் வரும் பிழை இங்கே சிறிதுதான். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் 2 டிகிரிக்குள்தான். எனவே அருகில் இரும்போ காந்தமோ இருந்திருக்கும். ரயில் பெட்டிக்குள் பார்த்தீர்களா? போனை வாட்ச் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டீர்களா? போன் ஸ்பீக்கர், இயர்போன் டப்பா மூடி, பையின் மார்புப் பட்டையில் இருக்கும் காந்தக் கொக்கி எல்லாமே இழுக்கும்.

திறந்த வெளியில், போனை இரண்டு மூன்று அடி தள்ளி வைத்துவிட்டு, காலிபரேஷன் (திசைகாட்டியைச் சரிசெய்யும்) மோடில் வாட்சைத் தரைமட்டமாகப் பிடித்து மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். சில மாடல்கள் காற்றில் 8 போடச் சொல்லும். பிறகு காலைச் சூரியனையோ வரைபடத்தில் உள்ள ஒரு உச்சியையோ வைத்துச் சரிபாருங்கள். இன்னொரு போனை வைத்து அல்ல.

புதுத்தடம்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டிக்குள்தான் பார்த்தேன், போனும் அதே கையில். வாரன்ட்டிக்குள் சென்சார் நிஜமாகவே சரியா என்று வீட்டில் சோதிக்க வழி உண்டா? வெப்பநிலை 32 காட்டுவதும் சரிதானா?

குன்னூர்க் காற்று:
வெப்பநிலை உங்கள் மணிக்கட்டின் சூடு. கழற்றி நிழலில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

சோதனைக்குப் பத்து மாடிக் கட்டிடம் போதும். ஏசி இல்லாத படிக்கட்டு. கீழே 0 என்று செட் செய்து, நிற்காமல் ஏறுங்கள். மாடிக்கு 3 மீட்டர் என்றால் மேலே 30க்கு அருகில் காட்ட வேண்டும். உடனே இறங்குங்கள். 15 நிமிடத்துக்குள் முடிந்தால் வானிலை குறுக்கே வராது. கீழே மறுபடி 0, அல்லது 2, 3 மீட்டர் விலகல் என்றால் சென்சார் நலம். எண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு திடீரெனத் தாவினால் பக்கவாட்டில் உள்ள சென்சார் துளை அடைத்திருக்கிறது. சன்ஸ்கிரீன், வியர்வை உப்பு, சோலைக்காட்டில் அட்டை கடிக்காமல் இருக்கப் பூசும் உப்பு, மூக்குப்பொடி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, தானாக உலரவிடுங்கள். அப்போது பட்டன் எதையும் அழுத்தாதீர்கள். குண்டூசி விட்டால் உள்ளே இருக்கும் மென்தகடு கிழியும். அதற்கு வாரன்ட்டியும் கிடைக்காது. ஊதும் பம்பும் வேண்டாம்.

டீட் கலந்த பூச்சி விரட்டி பூசினால் கையைக் கழுவிவிட்டு வாட்சைத் தொடுங்கள். பிளாஸ்டிக் கண்ணாடியையும் பட்டையையும் அது கரைத்து மங்கலாக்கிவிடும்.

அழுத்தமானி:
ஒரு சேர்க்கை. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரும். ஓடை கடக்கும் இடம், கணவாய் என்று வரைபடத்தில் உயரம் தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் வாட்சைத் திருத்திக்கொண்டே போனால் பிழை இரண்டு கோட்டுக்கு மேல் சேராது. மூடுபனியில் எந்தப் பாதையில் நிற்கிறோம் என்பது தெரியும், எந்த இடம் என்பது தெரியாது. அப்போது வாட்ச் காட்டும் உயரத்தின் கோடு வரைபடத்தில் பாதையை வெட்டும் புள்ளிதான் நீங்கள் நிற்கும் இடம்.