முதியோருக்கு மறதி பற்றிய வகுப்பு: எதைச் சொல்வது, எதை அளப்பது?

கிராமச்செவிலி (கேள்வி):
வணக்கம். ஊராட்சிக் கட்டடத்தில் 60 வயதைத் தாண்டிய 25 பேருக்கு வாரம் ஒன்றாக 8 வகுப்பு. பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூளை, டிமென்ஷியா (மறதி நோய்), சாப்பாடு, நடை என்று ஒரு மணி நேரம் படம் காட்டி விளக்கினால் தலையாட்டுகிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. பலன் தெரிய முதல் வாரமும் கடைசி வாரமும் எம்எம்எஸ்இ (ஞாபகம், கவனம் பார்க்கும் கேள்வித்தாள் சோதனை) வைக்கலாமா?

முதியோர்நலம்:
ஒரே வகுப்பில் நாலு விஷயம் சொல்வதுதான் சிக்கல். ஒரு விஷயம், 40 நிமிடம் போதும். முடிவில் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “பாட்டி, வீட்டுல மருமககிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். தடுமாறும் இடத்தை மட்டும் வேறு வார்த்தையில் சொல்லி, மறுபடி அவரையே சொல்ல வையுங்கள். அடுத்த வாரம் தொடங்குவதும் இதே கேள்வியோடுதான்.

அதற்கும் முன்னால் காதைக் கவனியுங்கள். மறந்துவிட்டார்கள் என்று நாம் நினைப்பது பல நேரம் காதிலேயே விழுந்திருக்காது. சத்தம் போடும் மின்விசிறியை நிறுத்துங்கள், அரைவட்டமாக உட்கார வையுங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். கத்த வேண்டாம். கத்தினால் குரல் கீச்சிடும். வயதான காது முதலில் இழப்பது அந்த உச்ச ஒலியைத்தான். முதல் வாரமே காதில் குறும்பி அடைப்பு, கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சொன்ன, டிமென்ஷியா வரும் அபாயத்தைக் கூட்டும், ஆனால் நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளில் காதும் கண்ணும் இருக்கின்றன.

இரண்டாம் வாரம் பிரஷர். காபி குடித்து அரை மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், கை நெஞ்சு மட்டத்தில், பேசாமல், இரண்டு தடவை பாருங்கள். நடந்து வந்த மூச்சோடு பார்த்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

நினைவகம் (பதில்):
எம்எம்எஸ்இ வேண்டாம். அதில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், ஐங்கோணம் வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கு மூளை நன்றாக இருந்தாலும் மதிப்பெண் குறையும். அதையே 8 வாரத்தில் திரும்ப வைத்தால் கேள்வி பழகியே மதிப்பெண் ஏறும், அதை வகுப்பின் பலன் என்று எழுதிவிடுவோம். மறதியைத் தடுக்க முடியுமா என்று பார்த்த பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வில் 60–77 வயதுள்ள 1260 பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தநாளக் கண்காணிப்பு என நான்கையும் சேர்த்துப் பார்த்ததே 2 வருடம்; 8 வாரத்தில் மதிப்பெண்ணில் பலனைத் தேட முடியாது. நீங்கள் எண்ண வேண்டியது வேறு: எத்தனை பேருக்கு பிரஷர் 140/90-க்குக் கீழே வந்தது, எத்தனை பேர் மாத்திரை விடாமல் போடுகிறார்கள், எத்தனை பேர் கண்ணாடி வாங்கினார்கள், வாரத்தில் எத்தனை நாள் நடந்தார்கள். காலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள், எழுத்து தேவையில்லை.

இன்னொன்று, பத்துப் பேர் நடுவில் யாரையும் ஞாபகச் சோதனை செய்யாதீர்கள். ஒரு தடவை கூசிப்போனவர் மறுபடி வரமாட்டார்.

கிராமச்செவிலி:
நன்றி. தாயம், பல்லாங்குழி சேர்க்கலாமா? வீட்டாருக்குத் தனியாக என்ன சொல்வது?

முதியோர்நலம்:
தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நாலு பேர் கூடிப் பேசுவதே பெரிய லாபம். ஆனால் விளையாட்டு நடைக்கு மாற்றில்லை.

வீட்டாருக்கு ஒரு வகுப்பு முழுதாக ஒதுக்குங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று ஆள் குழம்பினால் “வயசாயிடுச்சு” என்று விடக்கூடாது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம் இவற்றில் ஏதாவது இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. மெதுவாக வரும் மறதிக்கும் வைட்டமின் பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்: கடையில் தானாக வாங்கும் அவில் போன்ற பழைய அலர்ஜி மாத்திரையும், தூக்க மாத்திரையும் முதியவர்களைக் குழப்பும். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.