சாவி யார் கையில்? நோடு ஓட்டுகிறவர்களின் அனுபவங்கள்

கோவைக்காரன்:
வீட்டு மாடியில் ஒரு சின்ன கம்ப்யூட்டரை நோடாக, அதாவது ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க்கில் இணைந்த கம்ப்யூட்டராக வைத்து, அதில் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் ஓட்டுகிறேன். என்னுடையது ஒன்று, மச்சானுடையது ஒன்று. ஒவ்வொன்றிலும் பிணையாக 32 ஈத்தர், அதுதான் ஈத்தீரியத்தின் காயின். கரண்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் என்று மச்சான் மாதம் 1,500 ரூபாய் அனுப்புவான். போன மாதம் வருமான வரிக் கணக்குக்காக ஆடிட்டரிடம் போனபோது அந்த 1,500 அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"தம்பி, இது சொந்தக்காரர் குடுக்கறதா, கஸ்டமர் குடுக்கறதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 2023 மார்ச் 7 அன்று நிதியமைச்சகம் போட்ட அறிவிக்கையை எடுத்துக் காட்டினார். கிரிப்டோவை ரூபாயாக்குவது, ஒரு காயினை இன்னொன்றாக மாற்றுவது, கைமாற்றிவிடுவது, பாதுகாத்து வைப்பது அல்லது நிர்வகிப்பது, புதுக் காயின் வெளியீட்டு விற்பனைக்கு நிதிச் சேவை செய்வது. இவற்றில் எதையாவது அடுத்தவருக்காகத் தொழிலாகச் செய்தால் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுவோம். எஃப்ஐயு எனும் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு, கேஒய்சி, சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை எல்லாம் பின்னாலேயே வரும்.

நோடு, வேலிடேட்டர் என்ற சொல்லே அதில் இல்லையே என்றேன். "பேரை விடுங்க. சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார். கிரிப்டோ வாடையே பிடிக்காத மனுஷன், சரியான இடத்தில் கை வைத்தார்.

ஒரு வேலிடேட்டருக்கு இரண்டு சாவி, அதாவது இரண்டு ரகசிய எண்கள். கையெழுத்துச் சாவி என் மெஷினில்தான் இருந்தாக வேண்டும். அதை வைத்துப் பணத்தை எடுக்க முடியாது. நான் சொதப்பினால் மச்சானின் ஈத்தரில் கொஞ்சம் கழியும், அவ்வளவுதான். என் பைக்கு எதுவும் வராது. பணத்தை எடுக்கும் சாவி அவனுடைய வாலட்டில் இருக்கிறது. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, அந்த வாலட்டைத் திறக்கும் 24 ரகசியச் சொற்களையும் மச்சான் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "நீயே வச்சுக்க மாப்ள, எனக்கு மறந்துரும்." இரண்டு, பரிவர்த்தனைகளைத் தொகுத்து பிளாக் போடும்போது கிடைக்கும் டிப் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை மெஷின் ஓட்டுகிறவன்தான் எழுதி வைப்பான். நான் சோம்பேறித்தனமாக இரண்டுக்கும் என் முகவரியையே போட்டுவிட்டு, அவன் பங்கை அவ்வப்போது ஜிபேயில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உறவுக்குள்ள செஞ்சதை யாரும் தொழில்னு சொல்லப் போறதில்ல. ஆனா நாளைக்கு அஞ்சு பேர் வந்து எங்களுக்கும் ஓட்டிக் குடுங்கன்னு கேட்டா, இப்படியேதானே செய்வீங்க?"

ஏற்கெனவே மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

நைட் ஷிப்ட்:
நான் ஓட்டியது வேலிடேட்டர்கூட இல்லை, ஆர்பிசி. வாலட்டும் ஆப்பும் பிளாக்செயினோடு பேசுவதற்கு நடுவில் நிற்கும் சர்வர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குச் சென்னையிலிருந்து வேலை. 2022 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்க நிதித்துறை, கிரிப்டோ யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை மறைக்கும் டொர்னேடோ கேஷின் முகவரிகளைத் தடைப்பட்டியலில் போட்டது. சட்டப் பிரிவிலிருந்து மெயில் வந்தது: இந்த முகவரிகளுக்குப் போகும் அழைப்புகளை நிறுத்து. அந்த ஃபில்டரை எழுதியது நான்தான், பத்து வரிகூட வராது.

காலையில் ஒரு வாடிக்கையாளர், "நான் பணம் எதுவும் அனுப்பலீங்க, ஒரு கான்ட்ராக்ட்ல எவ்வளவு இருக்குன்னு பார்க்கத்தான் கேட்டேன், அதுக்கும் எர்ரர் வருதே" என்று டிக்கெட் போட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் சர்வர் மறுத்தாலும் செயின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2024 நவம்பரில் அங்கே ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், யாராலும் மாற்ற முடியாத கான்ட்ராக்ட், அதாவது செயினில் தானாக ஓடும் புரோகிராம், யாருடைய சொத்தும் இல்லை, அதைத் தடைசெய்யும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் இல்லை என்றது. 2025 மார்ச்சில் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். அந்த டிக்கெட்டை நான் அதற்கு ரொம்ப நாள் முன்பே 'தீர்க்கப்பட்டது' என்று மூடியிருந்தேன்.

ரைன் நதிக்கரை:
ஜெர்மனியில், வாடிக்கையாளர்களின் காயினுக்கு வேலிடேட்டர் ஓட்டிக் கொடுக்கும் ஒரு ஸ்டேக்கிங் கம்பெனியில் இருக்கிறேன். 2024 டிசம்பர் 30 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கிரிப்டோ சட்டமான மைக்கா முழுசாக அமல். பரிவர்த்தனையை உறுதிசெய்யும் வேலிடேட்டர், நோடு, மைனர் எல்லாம் பரிமாற்றச் சேவையில் சேராது என்று அதன் முகவுரைப் பத்தி 93 சொல்கிறது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். எங்கள் வக்கீல் வந்து பார்த்துவிட்டு, "இது முகவுரை, சட்டப்பிரிவு இல்லை" என்று சொல்லிவிட்டு நேராக இணையதளத்தைத் திறந்தார். 'உங்கள் சொத்தை எங்களிடம் ஒப்படையுங்கள்' என்று மார்க்கெட்டிங் ஆட்கள் எழுதியிருந்தார்கள். நாங்கள் யாருடைய சாவியையும் தொட்டதில்லை. ஆனால் அந்த ஒரு வரியை எடுக்கும்வரை அவர் வேறு எதையும் பேசவில்லை.

குறுக்குக் கேள்வி:
சாவி இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை என்றால், டொர்னேடோ கேஷை உருவாக்கியவர்களில் ஒருவரான ரோமன் ஸ்டார்ம் கதை என்ன? டொர்னேடோவில் பயனர் பணத்தின் சாவி அவரிடம் இல்லை. மென்பொருள் கொடுப்பவர் வேறு, பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் சேவை நடத்துபவர் வேறு என்று அமெரிக்காவின் நிதிக்குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென் 2019இலேயே எழுதியிருக்கிறது. அப்படியும் 2025 ஆகஸ்டில் உரிமம் இல்லாத பணப் பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி என்ற குற்றச்சாட்டில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மற்ற இரண்டில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

கோவைக்காரன்:
நியாயமான கேள்வி. டொர்னேடோ இணையதளத்தை ஸ்டார்மும் கூட்டாளிகளும் கட்டுப்படுத்தினார்கள், லாபம் பார்த்தார்கள் என்பது அரசுத் தரப்பு வாதம். அதைப் படித்த ராத்திரிதான் அந்த டிப் முகவரியை மாற்றினேன்.

24 சொற்கள்தான் தலைவலி. மெசேஜை அழித்தேன், ஆனால் நான் பார்த்தது பார்த்ததுதானே. வாலட்டை மாற்றலாம் என்றால், பணம் எடுக்கும் முகவரியை ஒருமுறை பதித்துவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை. வேலிடேட்டரையே மூடி, ஈத்தரை வெளியே எடுத்து, புது வாலட்டில் மறுபடி தொடங்க வேண்டும். மச்சான் ரெண்டு நாள் பேசவில்லை. அப்புறம் சரி என்றான். வெளியேறும் வரிசையில் போட்டிருக்கிறோம், இன்னும் முறை வரவில்லை. அந்த மூன்று பேருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.