கிளிநொச்சி வெக்கைக்கு லெப்பர்ட் கெக்கோ டாங்க் எப்பிடி செட் பண்ணுறது?

வணக்கம், முதல்தரமா லெப்பர்ட் கெக்கோ எண்ட பல்லி வளர்க்கப்போறன், மூண்டடிப் பழைய மீன்தொட்டி கிடக்கு, அடியில ஆத்துமண் போட்டா வடிவா இருக்கும் எண்டு நினைக்கிறன், சூட்டு லைட்டும் வேணுமோ? அம்மா வேற பல்லிக்கு ஏன்ரா வீடு கட்டுறாய் எண்டு சிரிக்கிறா.

— தம்பி மூண்டடி தாராளம். மண் மட்டும் வேண்டாம், இரையோட விழுங்கினா குடல் அடைக்கும், வீடு கட்டி மிஞ்சின டைல்ஸ் துண்டு காணும். ஒளியிறதுக்கு மூண்டு இடம் வையுங்கோ, ஒண்டு ஈரமா இருக்கோணும். நான் ஐஸ்கிரீம் டப்பாவில ஓட்டை வெட்டி நனைச்ச தும்பு போட்டனான். அது இல்லாட்டி கழட்டின தோல் விரல்ல இறுகி விரலே போயிடும்.

— சூட்டுப்பக்கம் 32 பாகை, மற்றப்பக்கம் 25 அளவில நிக்கோணும். எங்கட ஊரில ஆவணி வெயிலுக்கு வீட்டுக்குள்ளயே 33 காட்டும், அப்ப லைட் வேண்டாம், குளிர்ப்பக்கம்தான் தலையிடி. தகரக் கூரைக்குக் கீழ வைக்கவே வேண்டாம். மார்கழி மழைக்கு ஹீட் மாற் (தொட்டிக்குக் கீழ வைக்கிற சூட்டு விரிப்பு), அதுவும் சூட்டை அளவா வைச்சிருக்கிற தெர்மோஸ்டாட்டோட.

— வயல் வெட்டுக்கிளி குடுத்திடாதேங்கோ, மருந்தடிச்சிருப்பாங்கள். இரையில கல்சியம் பவுடர் தூவோணும். வாங்க முதல் வனசீவராசிகள் திணைக்களத்தில அனுமதி விசயம் கேளுங்கோ.

— நன்றி அண்ணையாக்கள், டைல்ஸ் கோழிக்கூட்டுக்குப் பின்னால கிடக்கு, கழுவப்போறன்.