சப்நெட் மாஸ்க்: முகமூடி வேண்டாமே, 'கிளைவலை மறைப்பு' சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ல வர்ற சப்நெட் மாஸ்க்ங்கற சொல்லுக்குத் தமிழ்ல 'துணைவலை முகமூடி'ன்னு வைக்கலாம்னு இங்க ஒரு அண்ணன் சொன்னதுல எனக்கு ரெண்டு வார்த்தையுமே உறுத்துது. முகமூடின்னா ஆளை அடையாளம் தெரியாம பண்றது. போன மாசம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பிக்கு இதே வார்த்தையை வச்சுத்தான் சொல்லிக்குடுத்தேன், "அப்போ நம்ம ஐபி வெளிய தெரியாதாண்ணா, விபிஎன் மாதிரியா?"ன்னு கேட்டான் (ஐபிங்கறது நெட்வொர்க்ல மெஷினோட முகவரி எண், விபிஎன் அதை வெளிய தெரியாம மறைக்கற சேவை). அவன் மேல தப்பில்ல, வார்த்தை அங்கதான் இழுத்துட்டுப் போகுது.

ஐபிவி4 வகை ஐபி முகவரி 32 பிட், அதாவது 0, 1ன்னு 32 இலக்கம். அதுல நெட்வொர்க் எதுவரைக்கும், மெஷினோட எண் எங்கேர்ந்துன்னு பிரிச்சுக் காட்டறதுதான் மாஸ்க். கோல அச்சை நினைச்சுக்கோங்க, ஓட்டை இருக்கற எடத்துல மட்டும் மாவு விழும், மத்த எடத்தைத் தகடு மறைச்சுக்கும். மாஸ்க்ல 1 ஓட்டை, 0 தகடு. ரெண்டு பிட்டும் 1ஆ இருந்தாத்தான் 1 வர்ற ஆண்ட் (AND) கணக்கு அவ்ளோதான்.

தம்பியோட கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்தோம். அவனுது 192.168.1.70, பிரிண்டர் 192.168.1.130, ரெண்டும் தனித்தனி /26 (மாஸ்க்ல முதல் 26 பிட் 1), அதாவது மாஸ்க் 255.255.255.192. 70ஐ பைனரில எழுதினா 01000110, அது மேல 192ஓட பைனரியான 11000000 அச்சை வச்சா கீழ விழறது 01000000, அதாவது 64. 130க்கு அதே மாதிரி 128 வருது. வேற வேற நெட்வொர்க், அதனால பாக்கெட் (அனுப்பற தரவுத் துண்டு) கேட்வே, அதாவது வேற நெட்வொர்க்குக்குப் போற வாசல் வழியாத்தான் போகணும். இவன் பழக்கத்துல 255.255.255.0ன்னு அடிச்சு வச்சிருந்தான், கடைசி எட்டு பிட்டும் மறைஞ்சுபோச்சு, பிரிண்டர் தன்னோட நெட்வொர்க்லயே இருக்குன்னு நம்பி அந்த மெஷின் ஏஆர்பில (தன் நெட்வொர்க்குக்குள்ள 'இந்த ஐபி யாருது?'ன்னு கேக்கற முறை) கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, பதிலே வரல. மாஸ்கோட கடைசி எண்ணை 192ன்னு மாத்தினதும் பிரிண்ட் வந்துடுச்சு.

அதனாலதான் 'மறைப்பு'ங்கறேன். பிட்மாஸ்க் (வேண்டிய பிட்டை மட்டும் எடுக்கற அச்சு) வர்ற மத்த எடத்துக்கும் 'பிட் மறைப்பு'ன்னு ஒட்டும். சல்லடையும் யோசிச்சேன், அதை ஃபில்டருக்கு விட்டுவைக்கணும்.

'துணை'ன்னா துணைவேந்தர், துணைத்தலைவர்னு அடுத்த படில நிக்கற ஆள்தான் ஞாபகம் வருது. 1985ல வந்த ஆர்எஃப்சி 950ங்கற இணைய விதிமுறை ஆவணம் சொல்றது ஒரே நெட்வொர்க்கை உள்ளுக்குள்ள பிரிச்சுக்கறதைப் பத்தி. ஆத்துலேர்ந்து கிளைவாய்க்கால் பிரியுதே, அது போல கிளைவலை.

ஒண்ணு மட்டும் இடிக்குது, ரௌட்டர்ல எந்த முகவரிகள் பொருந்தணும்னு சொல்ற வைல்ட்கார்டு மாஸ்க். அங்க 0 இருந்தா அந்த பிட் பொருந்தியே ஆகணும், 1 இருந்தா கண்டுக்க வேண்டாம். அதை 'தலைகீழ் மறைப்பு'ன்னு வச்சுக்கலாமா? ரௌட்டர்ல ஏசிஎல் (எதை விடணும், எதைத் தடுக்கணும்னு சொல்ற பட்டியல்) எழுதறவங்க சொல்லுங்க.