இமேஜிங் கருவி ஆள் மேல் இடிப்பது: டிசைனில் எங்கே கோட்டை விடுகிறோம்?

(மருத்துவமனை இமேஜிங் கருவிகளோடு வேலை செய்யும் பலர் பேசிக்கொண்டது. ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே இருப்பது பேசுபவரின் துறை. கேத் லேப் என்பது இதய ரத்தக்குழாய்களை எக்ஸ்-ரேயில் பார்த்துச் சிகிச்சை செய்யும் அறை.)

கேத் லேப் சர்வீஸ்
மோதல் என்றதும் எல்லோரும் சென்சாரில்தான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் வேகத்தைக் கணக்குப் போடுங்கள். 3டி படத்துக்காக சி-ஆர்ம் (எக்ஸ்-ரே குழாயையும் படம் பிடிக்கும் டிடெக்டரையும் தாங்கும் ‘C’ வடிவக் கை) நொடிக்கு 40 டிகிரி சுழல்கிறது என்று வைப்போம். சுழல் மையத்திலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கும் டிடெக்டர் மூலை நொடிக்கு 63 செ.மீ. வருகிறது. பம்பர் (இடித்ததை உணரும் நுரை விளிம்பு) பட்டதை கன்ட்ரோலர் படித்து மோட்டார் டிரைவுக்குச் சொல்ல 100 மில்லிசெகண்ட் ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 6 செ.மீ. போயாச்சு. பம்பர் அமுங்கும் தூரம் 1.5 செ.மீ.தான் என்றால் மிச்சத்தை யாருடைய முழங்கை வாங்கும்?

அதனால்தான் சுழற்சிக்கு முன் மெதுவாக ஒரு டெஸ்ட் ரன் வைப்பது. ஆனால் டெஸ்ட் ரன் முடிந்தபின் டேபிள் 1 செ.மீ. நகர்ந்தாலும் அது செல்லாது என்று மென்பொருள் அடம்பிடிக்க வேண்டும். பல டிசைன்களில் ஓட்டை இருப்பது இந்த இடத்தில்தான்.

மோஷன் கன்ட்ரோல்
அதோடு விசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 300 கிலோ நகரும் பாகம், நொடிக்கு 10 செ.மீ. என்ற நத்தை வேகம். ஆற்றல் வெறும் 1.5 ஜூல். அது 5 மி.மீ.க்குள் நின்றால் சராசரி விசை 300 நியூட்டன், 20 மி.மீ.யில் நின்றால் 75. சராசரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. பம்பர் நுரை ஸ்பிரிங் மாதிரி சீராக இறுகினால் உச்ச விசை அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 20 மி.மீ.யில் நின்றாலும் 150.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால், மனிதரோடு சேர்ந்து இயங்கும் ரோபோக்களுக்கு 2016-ல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற பாதுகாப்பு ஆவணத்தை எடுக்கலாம். நசுங்கும் நிலையில் முகத்துக்கு 65 நியூட்டன், வயிற்றுக்கு 110, கைக்கு (விரல், உள்ளங்கை) 140. அது விழிப்போடு வேலை செய்யும் ஆரோக்கியமான ஆளை வைத்துப் போட்டது. மயக்கத்தில் படுத்திருப்பவர் கையை இழுத்துக்கொள்ள மாட்டார். அந்த எண்களையும் விடக் குறைவாகவே இலக்கு வையுங்கள்.

கணக்கில் அடிக்கடி விட்டுப்போவது மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரின் நிலைமம். கியர் விகிதம் 100:1 என்றால் அது வெளிப்பக்கம் 10,000 மடங்காகத் தெரியும். சில அச்சுகளில் (கருவி நகரும் திசைகளில்) கருவிக் கையின் எடையைவிட இதுதான் பெரிய கனம். கவரை எவ்வளவு இலேசாகச் செய்தும் இடி குறையாததற்குக் காரணம் இதுவே.

நியூக்ளியர் மெடிசின் பக்கம்
காமா கேமராவில் (உடம்புக்குள் செலுத்திய கதிரியக்க மருந்தைப் படமெடுக்கும் கருவி) டிடெக்டர் தலை வேண்டுமென்றே உடம்பை ஒட்டி வருகிறது. எட்டி நின்றால் படம் மங்கும். அகச்சிவப்புக் கதிர் வரிசை நோயாளியின் விளிம்பைத் தேடும். தொங்கும் போர்வை நுனியையும் உடம்பு என்றே எடுத்துக்கொள்ளும். போர்வை நுனி பட்டு, டிடெக்டர் முகப்பில் தொடுவதை உணரும் டச் பேடும் அடிக்கடி தேவையில்லாமல் கருவியை நிறுத்தும். நாளைக்குப் பத்து தடவை பொய்யாக நின்றால், அந்த நிறுத்தத்தை மீறி ஓட்டும் ஓவர்ரைடு பட்டனை யாராவது டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிடுவார்கள். டேப் ஒட்டினவரைத் திட்டிப் பயனில்லை. பொய் எச்சரிக்கையின் எண்ணிக்கையே டிசைன் அளவீடாக இருக்க வேண்டும். ஓவர்ரைடும் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும், மெதுவான வேகத்தில், வேலை செய்ய வேண்டும். விட்டு அழுத்தாமல் தொடர்ந்து 30 நொடி அழுத்தியிருந்தால் ‘பட்டன் ஒட்டிக்கொண்டது’ என்று பிழை காட்டலாம்.

எந்தச் சென்சாரும் பிடிக்காத ஆபத்தும் உண்டு. 2013-ல் அமெரிக்காவில் ஸ்கேன் நடக்கும்போது காமா கேமரா விழுந்து ஒரு நோயாளி இறந்தார். அதன்பின் வந்த ரீகாலில், கேமராவைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. ஒரு போல்ட் விட்டாலும் தலை விழாதபடி இரண்டாவது பிடி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்
எமர்ஜென்சி ஸ்டாப் அடித்தால் போதாதா?

மோஷன் கன்ட்ரோல்
போதாது. கரண்ட் போனதும் பிரேக் கவ்வும். நடுவில் சிக்கினவர் அப்படியே அமுங்கிக் கிடப்பார். வார்ம் கியர் (மோட்டார் பக்கமிருந்து மட்டும் சுழலும் திருகுப் பல்சக்கரம்) இருந்தால் கையால் தள்ளியும் அசையாது. கருவிப்பெட்டி தேடாமல் பிரேக்கை விடுவிக்க ஒரு லீவர் வேண்டும். மோதலுக்குப் பிறகு மோதின திசையை மட்டும் பூட்டி, விலகும் திசையைத் திறந்துவைக்க வேண்டும். எல்லா அச்சையும் பூட்டுவது மிக மோசமான முடிவு. சி-ஆர்மில் பெரும்பாலும் டிடெக்டரை மேலே இழுப்பதுதான் குறுக்குவழி.

சிடி டேபிள்
இடைவெளியைப் பற்றி யாரும் பேசவில்லையே! நசுங்காமலிருக்க ஐஎஸ்ஓ 13854 என்ற தரநிலை கேட்கும் குறைந்தபட்ச இடைவெளி: விரலுக்கு 25 மி.மீ., மணிக்கட்டு வரையிலான கைக்கு 100, தலைக்கு 300, முழு உடம்புக்கு 500. நகரும் படுகைக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே 12 மி.மீ. சந்து விட்டால், பக்கவாட்டில் தொங்கும் விரல் அதில்தான் போகும். அந்த இடைவெளியை 4 மி.மீ.க்குக் கீழே அடைத்துவிடுங்கள், இல்லையேல் 25-க்கு மேல் திறந்துவிடுங்கள்.

டேபிள் இறங்கும்போது அடியில் சக்கர நாற்காலியின் கைப்பிடி மாட்டுவது வழக்கமான கதை. மோட்டார் கரண்ட் ஏறுவதை வைத்து இதைப் பிடிக்க முடியாது. இறங்கும்போது எடையை ஈர்ப்பு விசையே இழுக்கிறது. தடை வந்ததும் மோட்டாரின் சுமை முதலில் குறையும். டேபிளை ஏற்றி இறக்கும் ஸ்குரூவின் நட்டை இறுக்கிப் பிணைக்காமல் மிதக்கும்படி வையுங்கள். டேபிள் எதிலாவது உட்கார்ந்ததும் நட் பிரிந்து மைக்ரோ சுவிட்சைத் தட்டும். ஸ்குரூ சுற்றினாலும் அதற்குமேல் தள்ளாது.

கேத் லேப் சர்வீஸ்
பம்பர் வயரிங் பற்றி ஒன்று. அமுங்கும்போது மட்டும் இணையும் ‘நார்மலி ஓபன்’ சுவிட்ச் போட்டால், கேபிள் அறுந்த நாளில் பம்பர் செத்துவிட்டது யாருக்கும் தெரியாது. சேஃப்டி எட்ஜின் (அமுக்கினால் உள்ளிருக்கும் கம்பிகள் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் விளிம்பு) முனையில் 8.2 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தால், அமுங்கினால் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யத்துக்குப் போகும், அறுந்தால் எல்லையில்லாமல் போகும். இரண்டிலும் நிற்கும்.

கெப்பாசிட்டிவ் சென்சார் (தொடாமலே, பக்கத்தில் வருவதை மின்புல மாற்றத்தால் உணர்வது) உள்ள கருவியில் ஸ்டெரைல் கவர் மாட்டிய பிறகு அடிப்படை அளவைத் திரும்ப எடுக்க வேண்டும். சலைனில் நனைந்த துணி அதற்கு ஆள் மாதிரி தெரியும். நோயாளி கை வைக்கும் காய்ந்த பிளாஸ்டிக் பலகை (ஆர்ம்போர்டு) கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது.

பராமரிப்பில் பம்பரின் நடுவை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு ‘ஓகே’ எழுதாதீர்கள். நான்கு மூலையிலும் ஃபோர்ஸ் கேஜ் வைத்து, எத்தனை நியூட்டனில் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். தினமும் கிருமிநாசினி பட்டு நுரை இறுகினால், சுவிட்ச் நன்றாக இருக்கும்போதே அந்த எண் மெல்ல ஏறும்.