ஜப்பானிய வாளின் 'நகாகோ': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஒரு காட்சிக்கூடத்துக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போர்க்கால ஜப்பானிய வாள் ஒன்று வீட்டில் இருந்தால் அது எத்தகையது என்று அறிவது எப்படி என்பதுதான் பொருள். 'நகாகோ'வில் முட்டி நிற்கிறேன். பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பு அடிப்பகுதி அது. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினால்தான் தெரியும். கொல்லர் பெயர், தேதி, போர்க்கால வாள்களில் குத்திய ஷோவா முத்திரை, வாள் செய்யும் ஊரான செகியின் முத்திரை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். 'காம்பு' என்று போடலாமா?
– ம.

---

தாராளமாகப் போடுங்கள் அம்மா. நகாகோவுக்கு ஜப்பானியர் எழுதும் சித்திர எழுத்தே செடியின் தண்டைக் குறிப்பதுதான். பூவுக்குக் காம்பு, வாளுக்கும் காம்பு. எவ்வளவு பொருத்தம்!
– சி.

---

சி. ஐயா மன்னிக்கவேண்டும். மண்வெட்டிக் காம்பு, கோடரிக் காம்பு என்றால் எங்கள் ஊரில் மரப்பிடிதான். கையேட்டின் முக்கியமான வரியே "துருவைத் தேய்க்காதீர்கள்" என்பது. அந்தத் துருவின் நிறத்தையும் படிவையும் பார்த்துத்தான் வாளின் வயதைக் கணிக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சான்றும் போச்சு, மதிப்பும் போச்சு. "காம்பில் உள்ள துரு" என்று எழுதினால் மரத்தில் ஏது துரு என்பார்கள். 'நகாகோ' என்றே விட்டுவிடலாம். உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தொல்காப்பியரே திசைச்சொல்லை ஏற்றவர்தானே?
– இரா.

---

தம்பி, திசைச்சொல் செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துக்குச் சொன்னது. ஜப்பான் அதில் எங்கே வந்தது? மேலும் உயிருக்கு நடுவே ககரம் மெலியும். நீங்கள் எழுதுவதை 'நஹாஹோ' என்றல்லவா வாசிப்பார்கள்? வல்லோசைக்கு 'நக்காகோ' என்று இரட்டிக்கவேண்டும். கடைசிக் 'கோ'வோ அங்கே மெலிந்துதான் ஒலிக்கிறது. தமிழ் எழுத்து இதற்கு இடம் கொடுக்காது.
– சி.

---

உள் + காம்பு = உட்காம்பு. மரப்பிடி வெளியே, இரும்பு உள்ளே. குழப்பம் தீர்ந்தது.

இன்னொன்று. 1935இல் வந்த 95ஆம் வகை வாளுக்குப் பிடியைக் கழற்றத் தேவையே இல்லை. கீழ்நிலைப் படையதிகாரிகளுக்காக ஆலையில் செய்தது; பிடி பெரும்பாலும் வார்ப்பு உலோகம், வரிசை எண் அலகிலேயே குத்தியிருக்கும், கொல்லர் பெயர் இருக்காது. (95 என்பது ஜப்பானிய அரச ஆண்டு 2595.) இதைத் தனிப் பத்தியாக்குங்கள், இல்லையென்றால் எல்லாரும் சுத்தியலை எடுத்துவிடுவார்கள்.
– தே.

---

உட்காம்பு சரி. ஆனால் உட்காம்பில் வெட்டிய கொல்லர் பெயரை ஜப்பானியர் 'மெய்' என்கிறார்கள்; அதற்குக் கையேட்டில் 'கையொப்பம்' என்றிருக்கிறதே? கையொப்பம் என்றால் அவரே போட்டது என்று நம்பிவிடுவார்கள். புகழ்பெற்ற கொல்லர் பெயரைப் பிறர் வெட்டிய போலிகள் ஏராளம். நீள வாளை அடிப்பக்கம் வெட்டிக் குறைக்கும்போது பெயர் அறுபட்டுப் போனவையும் உண்டு. நடுகல்லில் பெயர் பொறித்த மரபு நமக்கு இருக்கிறது, 'பெயர்ப்பொறிப்பு' என்க.
– சி.

---

நன்றி. உட்காம்பு போகிறது, முதல் இடத்தில் மட்டும் நகாகோவும் வரும். 95ஆம் வகை தனிப் பத்தி. பெயர்ப்பொறிப்பையும் எடுத்துக்கொண்டேன்.
– ம.

---

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் நகாகோவையே முதன்மைச் சொல்லாக வைக்கவேண்டும். வாளோடு வல்லுநரிடம் போகிறவர் அங்கே கேட்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.
– இரா.