மண்டூர் குடிபூரல் குறூப்

ரஞ்சி மாமி: வேன் எங்க வருது? 10.12க்குப் பால் பொங்கணும். குத்துவிளக்கும் வேனுக்குள்ளதான்

சுதா: களுவாஞ்சிக்குடி தாண்டிட்டம் மாமி, மெப் காட்டின பக்கம் கிறுகினம் முன்னுக்கு ஆறு

ரஞ்சி மாமி: ஆறா

தேவன் மாமா: அது குருமண்வெளி. ஆத்தக் கடக்கிற மிதவைப் பாதையடி

சுதா: ஓம் பாதை அங்கால கரையில நிக்கிது

பாபு: பட்டிருப்புப் பாலத்தால வாங்க எண்டு நேத்தே சொன்னன். ஆரு கேக்கிற

நிலா: புளூட்டோவுக்கே சரியாப் போறாங்களாம் நம்மட ஆக்கள் மண்டூருக்கு 😂

கஜன்: அங்க ஜிபிஎஸ்ஸும் இல்ல. நாசாட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2006ல வெளிக்கிட்டு 2015 யூலையிலதான் புளூட்டோவடிக்குப் போன, அது எங்க நிக்குதெண்டு பூமியில இருந்துதான் கணக்குப் பாக்கிற. ரேடியோ சிக்னல் போய்த் திரும்பி வாற நேரத்த வெச்சித் தூரம், சிக்னலிட அதிர்வெண் எவ்வளவு மாறிருக்கெண்டு பாத்து வேகம். கலிபோர்னியா, மட்ரிட், கான்பெரா மூண்டு இடத்துலயும் பெரிய டிஷ் இருக்கு, பூமி சுத்த ஒண்டு மறைஞ்சா அடுத்தது பிடிக்கும்

பாபு: வாழக்குலை ஆரு கொண்டு வாற?

கஜன்: அதுக்குள்ள புளூட்டோ நிக்கிற இடமே துல்லியமாத் தெரியா. கிட்டப் போகப் போகப் பின்னால இருக்கிற நட்சத்திரங்களோட சேத்துப் படமெடுத்துத்தான் விண்கலம் போற வழியத் திருத்தினவங்க. சிக்னல் ஒருக்காப் போகவே நாலரை மணித்தியாலம்

நிலா: தேவன் மாமா ரிப்ளை பண்றதுக்கு அது பரவால்ல

தேவன் மாமா: 🙄

கஜன்: கணக்குப் பிழைச்சாச் சரி. 1999ல செவ்வாய்க்குப் போன விண்கலத்துக்கு ஒரு பகுதி ஆக்கள் எஞ்சின் தள்ளுற விசையப் பவுண்டுல கணக்குக் குடுக்க மத்தப் பகுதி ஆக்கள் நியூட்டனெண்டு எடுத்து, 200 கிலோமீற்றருக்கு மேலால போக வேண்டியது 57ல போய் அழிஞ்சிட்டு

ரஞ்சி மாமி: அளவு பிழைச்சா என்னாகுமெண்டு நமக்கும் தெரியும் மனே. வளவு வேலி சொல்லும்

தேவன் மாமா: இப்ப ஏன் அந்தக் கதை

ரஞ்சி மாமி: நான் ஆரையும் சொல்லல்ல

சித்தப்பா: ஐயர் வந்திட்டார்

கஜன்: வழியில சின்னச் சின்னதா எஞ்சின் அடிச்சித் திருத்துவாங்க, முந்தியே திருத்தினாக் கொஞ்ச எரிபொருள் காணும், பிந்தினா

பாபு: டேய் வாழக்குலை

சுதா: பாதை வருது. வேனை ஏத்துவாங்களா?

தேவன் மாமா: ஏத்துவாங்க. ஏறுங்க

பாபு: வேணாம் கிறுகுங்க. பாலத்தால வாங்க

சுதா: ரெண்டு பேரும் பேசி ஒண்டச் சொல்லுங்க

ரஞ்சி மாமி: விளக்க மட்டும் ஆருட்டயாவது குடுத்து பாதையில அனுப்பு புள்ள

நிலா: சுதாக்காட போன் ஓஃப்